டிரம்மில் விழுந்த கோடு

செவ்வாய்க்கிழமை, இரவு

முதலில் கண்ணில் பட்டது பிரேக் டிரம்மின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு. கிரீஸ் என்று நினைத்துத் துணியால் துடைத்தேன். போகவில்லை.

எங்கள் பட்டறைக்கு வந்திருந்த பழைய காரின் டிரம்மை இழுத்துக் கழற்ற, உடைந்த லாரி ஸ்பிரிங் பட்டையை அறுத்து நானே ஒரு புல்லர் செய்திருந்தேன். டீ குடிக்கப் போகும்போது அப்பா சொல்லிவிட்டுத்தான் போனார். "புல்லர் போல்ட்ட இறுக்கி, தலையில ஒரு தட்டுத் தட்டி உட்ரு சாமி. அதுவா வரும். ஸ்பேனர்ல பைப் மாட்டி மட்டும் இழுத்துறாத."

அவர் வருவதற்குள் கழற்றிக் காட்ட ஆசை. பலம் கூட்ட ஸ்பேனர் பிடியில் நீளப் பைப்பை மாட்டி இழுத்தேன்.

விரிசலைப் பார்த்த அப்பா என்னை ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சாயங்காலம் கார்க்காரர் வந்தார். "எங்கப்பா ஓட்டுன வண்டிங்க. இந்த டிரம்முக்கு இனி எங்க போவேன்? புள்ள செஞ்ச சாமான்னு பெருமையாச் சொன்னீங்களே, இதுதானா அது?" என்றார்.

"சாமான்ல குத்தமில்லீங்க. நான்தான் அவசரத்துல பைப் மாட்டி இழுத்துப்போட்டேன்" என்றார் அப்பா.

அப்படியானால் ஸ்பேனரில் பைப் மாட்டியபடியே கிடந்ததைப் பார்த்திருக்கிறார்.

"இத்தன வருசத் தொழில்ல இதுகூடத் தெரியாதுங்களா?" என்று கார்க்காரர் கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் பக்கத்தில் நின்று கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். கை எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

அப்பாவுக்குச் சோறு போடும்போதும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அப்பா தூங்கிவிட்டார். அவர் போனில் கார்க்காரரின் நம்பரைத் தேடி எடுத்து, "பைப் மாட்டி இழுத்தது நானுங்க, எங்கப்பா இல்லீங்க" என்று எழுதி அனுப்பினேன்.