எதிலிருந்து ஆரம்பிப்பது என்று உன் அப்பா கேட்கிறார்

எம்பட கண்ணு குமரேசனுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் கழித்து உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்காதே. இன்று ஞாயிற்றுக்கிழமை, மணி எட்டரை. பத்து மணிக்கு உன் அப்பா இங்கே வருவார். அதற்குள் இதை எழுதி முடிக்காவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்காவது ஓடிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. போன வாரம் அப்படித்தான் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். என் தைரியம் உனக்குத் தெரியாதா?

முதலிலிருந்தே சொல்கிறேன். இரண்டு மாதம் முன்பு இதே மாதிரி ஒரு ஞாயிறு காலையில் வாசலில் மொபெட் நின்றது. கணபதியில் உங்கள் வீட்டிலிருந்து என் சிவானந்தா காலனி வரை அந்த வண்டியை அவர் ஓட்டி வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மடியில் குழந்தை மாதிரி உன் பிஸ்கட் டப்பாவை வைத்திருந்தார். நம் கேசட் டப்பா.

“ஏனுங் தம்பி, சௌக்கியங்களா?” என்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “இது என்ற பையன் கேட்ட பாட்டுங்க. அவன் இருக்கறப்ப ‘நிறுத்துடா இந்த எழவ’ன்னு கத்திப்போட்டேன். இப்பக் கேட்டுப் பாக்கோணும்னு இருக்குதுங்க. ஒம்பது கேசட்டு இருக்குது. எதுல இருந்து ஆரம்பிக்கறதுன்னு ஒண்ணும் புரியல. நீங்கதானுங்க அவங்கூடக் கேட்டவரு.”

லேத் பட்டறைக்காரர், அறுபது வயது, சினிமாப் பாட்டுகூடக் காதில் வாங்காத மனிதர். அவர் கேட்டதோ நீயும் நானும் கல்லூரியில் வருஷக்கணக்காகச் சண்டை போட்ட கேள்வி. அந்த நாலு இங்கிலீஷ்காரர்களின் பத்து ஆல்பத்தில் எதிலிருந்து ஆரம்பிப்பது?

நான் சொல்வேன், வரிசைப்படி கேட்க வேண்டும் என்று. நீ சொல்வாய், “போடா டிராயிங்கு! எல்லாத்தையும் அளவு எடுத்தே கேப்பியா? பாட்டுக்காரன் ஓடிப்போயி, புதுசா ஒருத்தன் வந்து பாடுனான் பாரு, அந்த அஞ்சாவதக் கேளு. மொத பாட்டுல அவனுக்குக் கொரல் நடுங்குது. நல்லா வாசிச்ச எடத்துல ஆரம்பிச்சா ரசிகனாத்தான் ஆவே. பயந்து வாசிச்ச எடத்துல ஆரம்பிக்கோணும், அப்பத்தான் சிநேகிதனாவே.” அட்டையின் ஜெராக்ஸ் ஒரே கறுப்பு வட்டமாக வந்ததால் அதற்கு நாம் ‘கிணத்து ஆல்பம்’ என்று பெயர் வைத்திருந்தோம்.

அதைத்தான் உன் அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு. “நாலாவதுல ஆரம்பிக்கலாமுங்க, அது கொஞ்சம் அமைதியா இருக்கும்” என்றேன். கிணத்து ஆல்பத்தை டப்பாவின் அடியில் தள்ளினேன். லேபிளெல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது, என்னிடமே இருக்கட்டும், வாரம் ஒன்றாகத் தருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். “மகராசனா இருங்க” என்று கும்பிட்டார். என்னைப் போய்க் கும்பிட்டார், குமரேசா.

ஏன் ஒளித்தேன் என்று உனக்குத் தெரியும். நம்முடைய ‘மிச்சம்’ ஞாபகம் இருக்கிறதல்லவா? ரெக்கார்டிங் சென்டர் அண்ணனிடம் அறுபது நிமிஷக் கேசட்டைக் கொடுத்தால், ஆல்பம் முடிந்து ஒவ்வொரு பக்கமும் ஏழெட்டு நிமிஷம் டேப் மிஞ்சும். மற்றவர்களுக்கு அந்த இடத்தில் கேட்காமலே இரண்டு சினிமாப் பாட்டை ஏற்றிவிடுவார். நாம் மட்டும் காலியாக விடச் சொல்வோம். நல்ல டேப்பை வீணாக்குவானேன் என்று உன் அறையில் டூ-இன்-ஒன்னின் மைக்கில் நாமே பேசி அதை நிரப்புவோம். “விமர்சகர் குமரேசன் பேசறேனுங்க” என்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பாய். அப்புறம் யாரும் அதன்மேல் பதிந்துவிடக் கூடாதென்று கேசட்டின் முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுவாய். ஒன்பது கேசட்டிலும் அப்படி நம் பேச்சு இருக்கிறது. கிணத்து ஆல்பத்தில் கடைசியாகப் பேசினோம், நீ சாவதற்கு இரண்டு நாள் முன்பு.

அதில் என்ன பேசினோம்? நமக்குக் கிடைக்காமலே இருந்த முதல் ஆல்பத்தின் இசைத்தட்டு குன்னூரில் ஒரு பழைய எஸ்டேட் மேனேஜரிடம் இருக்கிறது என்று நான்தான் விசாரித்துச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போய் வாங்கி வா என்றேன். நீ தயங்கினாய். அந்த வாரம்தான் மேட்டுப்பாளையத்துப் பார்ட்டிக்கு ஒரு ஷாஃப்ட்டை நேரத்துக்கு முடித்துத் தரவில்லை என்று அப்பா உன்னை ஏசியிருந்தார். “ஐயன் கேட்டா என்னடா சொல்றது?” என்று டேப்பில் கேட்கிறாய். அதற்கு என் குரல், அவ்வளவு குஷியாக: “அந்த ஷாஃப்ட்டுப் பார்ட்டியப் பாக்கப் போயிருக்கான்னு சொல்லிப்போடறேன். நீ போய்ட்டு வா மாப்ள. உங்க ஐயனை நான் சமாளிச்சுக்கறேன்.”

காரமடை தாண்டி, மேட்டுப்பாளையம் வருவதற்குள், காய்கறி லாரி. உன் பையில் ஒன்றும் இல்லை என்றார்கள். அப்படியானால் போகிற வழியில்தான் நடந்திருக்கிறது. அந்த இசைத்தட்டை நீ கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு தாளை நீட்டினார்கள். உறவு என்ற இடத்தில் ‘சகோதரன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்புறம்தான் உன் அப்பா வந்து சேர்ந்தார். பட்டறைச் சட்டையோடு, கையில் கிரீஸோடு நின்று, “எதுக்குங் தம்பி அவன் அந்தப் பக்கம் போனான்?” என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. இரண்டு நாளாக வாயில் தயாராக இருந்தது வந்துவிட்டது. “அந்த ஷாஃப்ட்டுப் பார்ட்டியப் பாக்கப் போறேன்னு சொன்னானுங்க.” அவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அடப்பாவி, அப்போதே மாற்றிச் சொல்லியிருக்கலாமே? காரியம் முடிந்து சொல்லலாம் என்றிருந்தேன். பதினாறாம் நாள் கழித்துச் சொல்லலாம் என்றிருந்தேன். அப்புறம் கணபதிப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

சரி, உன் அப்பா பாட்டுக் கேட்ட கதையைச் சொல்கிறேன், கேள். ஆறு மணிக்கு லேத்தை நிறுத்திவிட்டு, கைகழுவி, உன் அறையில் போய் உட்கார்ந்து கேட்கிறாராம். முதல் வாரம் வந்து, “அந்தக் கொட்டு அடிக்கிறவரு நல்ல வேலக்காரருங்க, ஒரு எடத்துலகூடப் பிசகலீங்க” என்றார். “அந்தத் தடிச்ச கம்பி வாசிக்கிறவருதான் பேரிங் போன மோட்டாராட்டம் உறுமிக்கிட்டே இருக்கறாரு.” நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு குரல் இறங்கிவிட்டது.

“பாட்டு முடிஞ்சப்புறம் அவன் பேசறானுங்க, தம்பி. உங்களுக்குத் தெரியுங்களா?”

தெரியும் என்றேன். அந்தக் கேசட்டில் நீ கிட்டார்க்காரனைத் திட்டுவதைத் தவிர ஒன்றும் இல்லை. கொடுக்கும் முன்பே கேட்டு உறுதி செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதுதான் என் வேலை, சுங்கக்காரன் மாதிரி.

“நாலு நிமிசம் பேசறான். ரெண்டு தடவ கேட்டேனுங்க. மூணாவது தடவ கேட்டா டேப்பு தேஞ்சுபோயிருமோன்னு பயந்து நிறுத்திப்போட்டேன்” என்றார். அவரும் பயப்படுகிறார், பார். ஆனால் அவர் பயம் எப்பேர்ப்பட்டது, என் பயம் எப்பேர்ப்பட்டது?

எட்டு வாரம் எட்டுக் கேசட். அவருக்கு இப்போது நாலு பேரின் குரலும் வாத்தியமும் பிரித்துத் தெரிகிறது. ஏழாவது ஆல்பம் பிடிக்கவில்லை என்று உன்னை மாதிரியே முகத்தைச் சுளித்தார். சந்தோஷமாக இருந்தது, அதே சமயம் ஒவ்வொரு வாரமும் டப்பா காலியாகிக்கொண்டே வந்தது. கடைசிக் கேசட் அறுந்துபோனது என்று சொல்லலாமா? வேறு யாரோ வாங்கிப் போனார்கள் என்று சொல்லலாமா? பம்புசெட் கம்பெனியில் டிராயிங் பலகை முன்னால் உட்கார்ந்து கோடு போடாமல் பொய்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு, பஸ் ஸ்டாண்டிலிருந்து நான் திரும்பி வந்தபோது, அவர் கேட்டுக்கு வெளியே வெயிலில் காத்துக்கொண்டு நின்றார். எட்டாவதைத் திருப்பிக் கொடுத்தார். “இன்னொண்ணு பாக்கி இருக்குதுங்களே?” என்றார். அடுத்த வாரம் தருகிறேன் என்றேன். போகத் திரும்பியவர், வண்டியில் கை வைத்தபடி சொன்னார்.

“அதுல இவ்வளவு சிரிக்கிறானுங்களே தம்பி, என்ற முன்னால ஒரு நாள் இப்படிச் சிரிச்சதில்லீங்க. அன்னைக்கு அந்தப் பாழாப்போன ஷாஃப்ட்டுக்காக நான் ஏசாம இருந்திருந்தா, ஞாயித்துக்கெழமை ஊட்டுல படுத்துட்டு இதக் கேட்டுக்கிட்டு இருந்திருப்பான். நாந்தானுங்க அனுப்பிப்போட்டேன்.”

நான் அப்போதாவது வாயைத் திறந்தேனா? “வெயில் ஏறுதுங்க, பாத்துப் போங்க” என்றேன்.

இனி சொல்லப்போவது உனக்கு மட்டும் தெரிய வேண்டியது. இல்லை, அதுவும் பொய். அவருக்கும் தெரிய வேண்டியதுதான். புதன்கிழமை சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்ததும் கதவைச் சாத்தினேன். கிணத்து ஆல்பத்தின் முதுகில் நீ உடைத்துவிட்ட ஓட்டையைச் செலோ டேப் ஒட்டி அடைத்தேன், அப்போதுதான் மேலே பதியும். பாட்டெல்லாம் அப்படியே இருக்கட்டும், நம் பேச்சை மட்டும் அழித்துவிடலாம் என்று. உன் குரலும் போகும்தான். என் பேச்சைத் தனியாக அழிக்க வழியில்லை, பாதி நீ, பாதி நான். தொண்டையைச் செருமினாய். “விமர்சகர் குமரேசன் பேசறேனுங்க” என்றாய். அப்புறம் நீ சிரிப்பாய் என்று தெரியும். அந்த இடத்தில் நிறுத்தி, ரெக்கார்ட் பொத்தானையும் பிளே பொத்தானையும் சேர்த்து அமுக்கினேன்.

அமுக்கிவிட்டேன், குமரேசா.

உடனே படக்கென்று நிறுத்தினேன். திருப்பிப் போட்டுக் கேட்டேன். மூன்று நொடிதான் போயிருக்கிறது. அந்த மூன்று நொடியில் உன் சிரிப்பு இருந்தது. இப்போது அங்கே என் வீட்டு மின்விசிறியின் சத்தம் இருக்கிறது. அதற்குப் பிறகு நீ பேசுகிறாய், நான் பேசுகிறேன், பொய்யைச் சொல்லிக்கொடுக்கிறேன், எல்லாம் பத்திரமாக இருக்கிறது. நான் அழிக்க நினைத்ததில் ஒரு சொல்கூட அழியவில்லை.

செலோ டேப்பை உரித்து எறிந்துவிட்டேன். இதைக் கேட்டதும் அந்த மனிதர் என்ன செய்வார்? அடிப்பாரா? அடித்தால் நல்லது. ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டால்? “அப்ப என்னால இல்லீங்களா?” என்று கேட்டு அழுதால் நான் எங்கே பார்ப்பேன்? இனி ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு யார் வருவார்கள்? பார், இப்போதும் என்னைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன்.

உனக்கு ஒரு சேதி சொல்ல மறந்துவிட்டேன். நம் ரெக்கார்டிங் சென்டரில் பாதி இடத்தைக் கம்ப்யூட்டர் வகுப்புக்கு விட்டுவிட்டார்கள். போன மாதம் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, அந்த முதல் ஆல்பம் மெட்ராஸில் யாரிடமோ சி.டி.யாக வந்திருக்கிறது, பதிந்து தரட்டுமா என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ கேட்காததை நான் கேட்க மாட்டேன்.

மணி பத்தாகப் போகிறது. மொபெட் சத்தம் தெருமுனையில் கேட்கிறது. அதே சத்தம்தான், சைலன்சர் சரியில்லாத வண்டி. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

குமரேசா, உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். கேசட்டை அவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள மாட்டேன். இங்கேயே உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, நானே போடுவேன். அந்த நடுங்குகிற குரல் பாடி முடித்து நம் பேச்சு வரும்போது பொத்தானைத் தொட மாட்டேன், எழுந்து தண்ணீர் குடிக்கப் போக மாட்டேன். மின்விசிறிச் சத்தம் என்னவென்று அவர் கேட்டால் அதையும் சொல்வேன். முதல் நாள் அவர் கேட்ட கேள்விக்கு இன்றைக்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்: “இதுல இருந்துதானுங்க ஆரம்பிச்சிருக்கோணும்.”

கேட்டைத் திறக்கிறார். போகிறேன்.

ஆஸ்பத்திரித் தாளில் கையெழுத்துப் போட்ட
உன் சகோதரன்,
நாச்சிமுத்து