வரி கேட்காத வீடு

பிப்ரவரி 24, செவ்வாய்

மாநிலத்தில் சுக்காய் பிந்து என்கிற வீட்டு வரியையே எடுத்துவிடலாமா என்று எங்கு பார்த்தாலும் பேச்சு. காலையில் உணவகத்தில் நானும், "சொந்த வீட்டுக் கதவுக்கு எதுக்கு சுக்காய் பிந்து? எடுத்துறலாம்லா!" என்று சத்தம் போட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். அரிசி களைந்துகொண்டே, "எங்க லயத்துக்கு யாருமே சுக்காய் கேக்கல. காலி பண்ணச் சொன்னப்போ, எங்க வீடுன்னு காட்ட ஒரு காகிதம் இல்லலா" என்றாள்.

விளக்கேற்றப் போனேன். சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இந்த வருஷத்து வரி பில். இத்தனை நாள் எப்படிக் கவனிக்காமல் இருந்தேனோ. பிளாஸ்டிக் உறை போட்டு, தன் பெயர் வெளியே தெரியும்படி வைத்திருக்கிறாள்.