சுவர்ப் பக்கம் திரும்பும் நாற்காலி

என் செல்விக்கு,

நலமா என்று உன்னிடம் கேட்க முடியாது. நாங்கள் நலம் என்று வேண்டுமானால் சொல்லலாம். போன மாதம் வரைக்கும் அதுவும் பொய்யாகத்தான் இருந்திருக்கும், இப்போது உண்மை. எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் தெரியுமா? பெரம்பலூரில் உன் கம்ப்யூட்டர் சென்டரில், உன் நாற்காலியில். அதன் சக்கரம் இன்னமும் கிரீச் கிரீச்சென்று கத்துகிறது. எண்ணெய் விடு என்று நானும், விடுகிறேன் என்று நீயும் சொல்லியே ஐந்து வருஷத்தை ஓட்டிவிட்டோம்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் நாம் யார் என்று இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அரியலூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் தட்டியவர்கள் நாம். விக்கிரமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வரும் எனக்கு தினமும் நீதான் இடம் போட்டு வைப்பாய். பிறகு நான் அரியலூரிலேயே ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க் ஆனேன். நீ கல்யாணமாகி இங்கே வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர் வைத்துக் கடை போட்டாய். என் மகள் இனியாவுக்கு நீ சித்தி. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகும், வாரம் இருமுறை திருச்சிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு, மறுநாளே ஷட்டரைத் தூக்கியவள் நீ.

உன் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. சான்றிதழுக்கோ வேலைக்கோ விண்ணப்பம் போட யார் வந்தாலும் முதலில் அவர்களுடைய போனைக் கையில் எடுக்கச் சொல்வாய். அவர்கள் நம்பரை அவர்களே அடிக்க வேண்டும். பாஸ்வேர்டையும் அவர்களே யோசிக்க வேண்டும். அந்த இடம் வந்ததும் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாய். முடிந்தது என்று அவர்கள் சொல்லும் வரை திரும்பமாட்டாய். காலண்டர் மாட்டிய ஆணியைத் தவிர அந்தச் சுவரில் பார்க்க வேறொன்றும் கிடையாது.

"அடுத்த தெருவுல அஞ்சு நிமிஷத்துல முடிச்சு அனுப்புறாங்க. நீ என்னடான்னா அரை மணி நேரமா நிக்க வச்சிருக்கியே தாயி" என்று சண்டைக்கு வந்தவர்கள் எத்தனை பேர்!

"அவங்க நம்பரைப் போட்டு அவங்களே ஒரு பாஸ்வேர்டு வச்சுக் குடுப்பாங்க. நாளைக்கு அவங்க கடையைச் சாத்திட்டுத் திருப்பூர் போயிட்டா, உங்க மவ மார்க் ஷீட்டை யாருங்க எடுத்துக் குடுப்பா?" என்பாய், சுவரைப் பார்த்தபடியே.

அப்படியும் விட்டார்களா? பாஸ்வேர்டு என்றதும் பத்தில் எட்டுப் பேர் குலசாமி பெயரை அடித்து, பின்னால் ஒன்று இரண்டு மூன்று போட்டார்கள். நீ பார்க்காமலேயே கண்டுபிடித்துவிடுவாய். "சாமி பேரு போட்டீங்களா?" என்று கேட்டால் ஆள் திகைத்துப்போவார். "குலசாமி உங்களைக் காப்பாத்தும். உங்க பாஸ்வேர்டைக் காப்பாத்தாது. உங்க பங்காளி அத்தனை பேருக்கும் அதே சாமிதானே? நாலு வார்த்தை சேத்துப் போடுங்க, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இருக்கக் கூடாது. பேரு, பொறந்த நாளு, வண்டி நம்பர் எதுவும் வேணாம்" என்பாய். எழுதி வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு உன் பதில் இது: "வூட்டு பீரோவுல எழுதி வைங்க, தப்பில்ல. கம்ப்யூட்டர் மேல ஒட்டி வச்சுடாதீங்க."

கம்ப்யூட்டர் வாங்க யோசனை கேட்டு வந்தவர்களையும் நீ சும்மா அனுப்பியதில்லை. ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்த ஒருவர், பி.காம். சேர்ந்த மகளோடு வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? விளையாட்டு ஆடுகிறவர்கள் வாங்கும், சிவப்பு விளக்கு எரியும் லேப்டாப் படத்தைக் காட்டி, இதுதான் இருப்பதிலேயே பெரியது, வாங்கலாமா என்றார். "என்னத்துக்கு?" என்று ஒற்றை வார்த்தை கேட்டாய். அவர் மறுபடியும் படத்தையே காட்டினார். அதன் எடை என்ன என்று படத்துக்குக் கீழே படித்துப் பார்த்தாய். உன் லேப்டாப்போடு கடையில் கிடந்த இரண்டு பேப்பர் கட்டுகளையும் ஒரு பைக்குள் போட்டு, அந்தப் பெண்ணின் தோளில் மாட்டி, பஸ் ஸ்டாண்டு வரை நடந்துவிட்டு வா என்று அனுப்பினாய். திரும்பி வந்த பெண் அப்பாவிடம், "சின்னதா ஒண்ணு போதும்ப்பா" என்றாள். உள்ளே வேகமான டிஸ்க் இருக்கிறதா, கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும், ரிப்பேர் என்றால் திருச்சிக்குள் பார்க்க முடியுமா, இந்த மூன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாய்.

இப்போது என் வண்டவாளத்துக்கு வருகிறேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிம் மாற்றுகிறவள் நான். எந்தக் கம்பெனி சலுகை கொடுத்தாலும் ஓடிவிடுவேன், உனக்கே தெரியும். முதன்முதலாக மெயில் தொடங்க உன் கடைக்கு வந்த அன்று எனக்குப் பழைய நம்பர் போய்விட்டது, புதியது இன்னும் உயிர் பெறவில்லை. நீ வழக்கம்போல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். நம்பர் கேட்ட இடத்தில் உன் நம்பரை அடித்துவிட்டேன். மேஜைமேல் கிடந்த உன் போனில் சரிபார்க்கும் எண் வந்து விழுந்தது. எட்டிப் பார்த்து அதையும் அடித்துவிட்டு, "முடிஞ்சுதுடி" என்றேன். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த அப்புறம் வரவே இல்லை. பிறகு இரண்டு தடவை பாஸ்வேர்டு மறந்தபோதும், உன்னைப் பார்க்க வருவதுபோல் வந்து, அதே மேஜையில் அதே வேலையைச் செய்தேன். உன் பாதுகாப்பு வழக்கத்தையே சாக்காக வைத்து உன்னை ஏமாற்றியவள் ஊரிலேயே நான் ஒருத்திதான்.

நீ போனபோது எல்லோரும் பயந்தார்கள். அடுத்த தெருக் கடைக்காரர் அதற்கு முந்தின வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் ஊரை விட்டுப் போனதில், ஜனங்கள் பட்ட பாடு நினைவிருந்தது. ஆனால் உன் கடை பூட்டிக் கிடந்த ஆறு மாதமும், செல்வி இல்லாததால் என் கணக்கு திறக்கவில்லை என்று ஒரு ஆள்கூட வந்து நிற்கவில்லை. உன் வீட்டுக்காரர் முருகேசன் அண்ணன்தான் சொன்னார். அவருக்கு அதில் ஒரு பெருமை.

அப்படி வந்து நின்ற ஒரே ஆள் நான்.

இனியா அரசாங்க நர்ஸ் வேலைக்குத் தேர்வு எழுத விண்ணப்பித்திருந்தாள். தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஹால் டிக்கெட் எடுக்க உட்கார்ந்தோம். விண்ணப்பம் போட்ட தளத்தின் பாஸ்வேர்டு அவளுக்கு மறந்துவிட்டது. புதிதாக வைக்கலாம் என்றால், அதற்கான இணைப்பு என் மெயிலுக்குத்தான் வரும். அந்த மெயிலை வைத்திருந்த என் போனோ துவைக்கிற துணியோடு வாளிக்குள் மூழ்கிச் செத்து ஒரு வாரம். புதுப் போனில் திறக்கப் பார்த்தால், உங்கள் நம்பருக்கு ஒரு எண் அனுப்பியிருக்கிறோம், அடியுங்கள் என்கிறது. கீழே நம்பரின் கடைசி இரண்டு இலக்கம். உன் இலக்கம்.

"ஏம்மா, சித்தி நம்பரையா குடுத்து வச்ச? சித்தி எத்தன தடவ சொல்லியிருக்கும்!" என்று இனியா அழுதாள். இரண்டு வருஷம் ராப்பகலாகப் படித்தவள். அவளை நிமிர்ந்து பார்க்க எனக்கு முகமில்லை.

காலை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் பெரம்பலூர் வந்தோம். முருகேசன் அண்ணன் கொல்லையில் சின்ன வெங்காயம் காய வைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் உன் போனை பீரோவிலிருந்து எடுத்து வந்தார். நம்பர் செத்துப் போயிருக்கும் என்று நினைத்தே கேட்டேன்.

"இல்லம்மா, மாசா மாசம் ரீசார்ஜ் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். அவ நம்பரு வேற யாருக்காவது போயிட்டா என்னால தாங்க முடியாது" என்றார்.

போனைச் சார்ஜ் போட்டு உயிர்ப்பித்தால், திறக்க எண் கேட்டது. சிம்மை மட்டும் கழற்றி இனியா போனில் போட்டோம். சிம்முக்கும் நீ பூட்டுப் போட்டிருந்தாய்! மூன்று முறைதான் முயலலாம் என்று வந்தது. அண்ணன் உங்கள் கல்யாண வருஷத்தைச் சொன்னார். தப்பு. நான் உன் பிறந்த வருஷத்தை அடித்தேன். தப்பு. மூன்றாவதற்கு ஒருவரும் கை வைக்கவில்லை. இத்தனை வருஷம் ஊருக்கே சொன்னவள் தனக்கு மட்டும் பிறந்த வருஷத்தை வைத்திருப்பாளா? அதை யோசிக்காமல் ஒரு வாய்ப்பைத் தொலைத்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அப்போது அண்ணன் எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. வந்தவர் கையில் ஒரு பழுப்புக் கவர் இருந்தது. ஒட்டிய இடத்தின் மேல் உன் கையெழுத்து. முன்னால், ‘கலாவை வைத்துக்கொண்டு பிரிக்கவும்’ என்று எழுதியிருந்தாய்.

"கடைசி தடவ திருச்சிக்குப் போறப்பக் குடுத்துட்டுப் போனா. உன்னைக் கூப்புட்டிருக்கணும்மா. எனக்குத்தான் மனசு வரல. பிரிச்சுப் படிச்சுட்டா அவ பேசுறதுக்கு அப்புறம் ஒண்ணுமே இருக்காதே" என்றார்.

எங்களுக்காக அவர் அதைப் பிரித்தார், செல்வி. உன் கையெழுத்து கிழியாமல் ஓரத்தை மட்டும் கத்தரித்தார்.

உள்ளே ஒரே ஒரு தாள். போன், சிம், கம்ப்யூட்டர், உன் மெயில் என்று ஒவ்வொன்றுக்கும் நேராக அதன் திறவு. அதன் கீழே, "இது யாரோட பொறந்த நாளும் இல்ல. அர்த்தம் தேடாதீங்க" என்று எழுதியிருந்தாய். அண்ணன் ஆறு மாதத்தில் முதன்முறையாகச் சிரித்தார். கடைக் கம்ப்யூட்டர்களைப் பழசு என்று தள்ளிவிடாதீர்கள், டிஸ்க்கை மட்டும் புதிதாக மாற்றினால் இன்னும் நாலு வருஷம் ஓடும், கழற்றிய பழைய டிஸ்க்கை மட்டும் யாருக்கும் விற்காதீர்கள், அதில் ஊர்க்காரர்களின் சான்றிதழெல்லாம் இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய்.

கடைசியில் எனக்கு நாலு வரி.

"கலா, உன் மெயிலுக்கு என் நம்பரைக் குடுத்திருக்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்டி. மெசேஜ் என் போன்லதானே கெடந்துச்சு. நீயா சொல்லுவன்னு காத்திருந்தேன். இனிமே காத்திருக்க எனக்கு நேரமில்ல. முதல் வேலையா உன் நம்பருக்கு மாத்து."

தாளில் இருந்த எண்ணை அடித்ததும் உன் போன் திறந்தது. சிம்மும் திறந்தது. இரண்டே நிமிஷத்தில் என் மெயிலுக்கான எண் வந்து விழுந்தது. மத்தியானத்துக்குள் ஹால் டிக்கெட் இனியா கையில். தேர்வு எழுதிவிட்டாள். முடிவு இன்னும் வரவில்லை, நன்றாகத்தான் எழுதியிருக்கிறாளாம். ஆனால் செல்வி, நீ அந்தக் கவரை ஒட்டிக்கொடுக்காமல் போயிருந்தால் என் பிள்ளையின் இரண்டு வருஷம் என்னால் மண்ணாகியிருக்கும். தெரிந்தும் ஒரு தடவைகூட நீ என்னைக் குத்திக் காட்டவில்லையே? உடம்பில் ஊசி ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், என் சோம்பேறித்தனத்துக்குமா சேர்த்து யோசித்தாய்? உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை பக்கம் எழுதியும் தெரியவில்லை.

நீ சொன்னதைத் தள்ளிப்போடவில்லை. அன்றைக்கே சாயங்காலம் அண்ணன் ஷட்டரைத் தூக்கினார். உன் மேஜையில் உட்கார்ந்து, என் மெயிலில் உன் நம்பரை எடுத்துவிட்டு என்னுடையதைப் போட்டேன். இந்த சிம்மை இனி மாற்ற மாட்டேன் என்று இனியா என்னிடம் சத்தியமே வாங்கிவிட்டாள். புதுப் பாஸ்வேர்டு கேட்ட இடம் வந்ததும், யாரும் சொல்லாமலே உன் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்து, கிரீச்சென்று சுற்றி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். "நான் பாக்கல, அடிம்மா" என்றாள். எழுத்து தெரியாமல் கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இனிமே இந்த நம்பருக்கு உன் மெசேஜ் எதுவும் வராதில்லம்மா?" என்று அண்ணன் கேட்டார். வராது என்றேன். தலையாட்டிக்கொண்டார். ரீசார்ஜை நிறுத்தவில்லை. பழைய ஆட்கள் யாராவது கூப்பிடுவார்கள், இருக்கட்டும் என்கிறார்.

கம்ப்யூட்டர் இரண்டுக்கும் டிஸ்க் மாற்றியாயிற்று. பழைய டிஸ்க்குகள் பீரோவில் பத்திரம். பள்ளிக்கூடம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வந்து கடை திறக்கிறேன். போன வாரம் அரும்பாவூரிலிருந்து வந்த ஒரு பெரியவர், "நீயே ஏதாச்சும் போட்டு விடும்மா" என்று போனை நீட்டினார். வாங்கவில்லை. உன்னைப் போலவே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் முனகிக்கொண்டே அரை மணி நேரம் அடித்தார். அந்த ஆணி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்தக் கடையில் யாருடைய நம்பருக்குப் பதிலும் என் நம்பரைப் போட மாட்டேன், யாருடைய பாஸ்வேர்டையும் பார்க்க மாட்டேன். என்னுடையதும் இப்போது நாலு வார்த்தை, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது, முழுக்க நானே யோசித்தது. இனி உன்னிடம் எதையும் மறைக்கக் கூடாது என்றுதான் இருக்கிறேன். ஆனாலும் செல்வி, இதை மட்டும் உனக்கும் சொல்ல மாட்டேன்.

நீ சித்தியாக இருந்து வளர்த்த இனியாவின் அம்மா,
கலா