கடைசிப் பால்

மார்ச் 12, 1931. வியாழன். ஆம்பூர்.

எங்கள் பிள்ளை போய் இன்றோடு ஒன்பது நாள். மூன்று மாதக் குழந்தை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. விடிந்து பார்த்தால் பாயில் என் மனைவி எஸ்தர் பக்கத்தில் சில்லிட்டுக் கிடந்தான். லேடி டாக்டர் வந்து பார்த்தார். உடம்பில் ஒரு காயமும் இல்லை, ஏன் போனான் என்று தனக்கும் தெரியவில்லை என்றார்.

இன்று தோல் பதனிடும் ஷாப்பில் வேலை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது, வேலூரிலிருந்து வந்திருந்த என் அக்கா எஸ்தரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தூக்கத்துல நீதான்டி புள்ள மேல பொரண்டுட்ட. வேற இன்னா?"

எஸ்தர் குனிந்த தலை நிமிரவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அக்கா ரயிலுக்குப் போனபின் என்னால் தாங்க முடியவில்லை. எஸ்தரிடம் சொல்லிவிட்டேன். அன்று நடுச்சாமத்தில் பிள்ளை சிணுங்கினான். அவளை எழுப்ப மனமில்லாமல் என் மார்பில் போட்டுக்கொண்டேன். அப்படியே தூங்கிவிட்டேன். இருட்டிலேயே விழித்ததும், மூச்சு இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் அவள் பக்கத்தில் கிடத்தினேன்.

"நான்தான் கொன்னுட்டேன், எஸ்தர்."

அவள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"இல்ல. கோழி கூவுறப்போ எழுந்து பால் குடிச்சான். அதுக்கப்புறம் நான்தான் கண்ணசந்துட்டேன்."

ஒன்பது நாளாக நெஞ்சை அடைத்திருந்த பாரம் அந்த நொடியில் இறங்கிவிட்டது. பாவி நான், என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

"உங்களுக்கு நிம்மதியாயிடுச்சு இல்ல?" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நீயும் கொல்லவில்லை எஸ்தர், நீயும் இல்லை என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். அவள் திரும்பவில்லை.