நாலு நிமிடம் இருபது வினாடி

அன்புள்ள வாலு,

இங்கே நான், உன் அம்மா, என் இடது முழங்கால் மூவரும் நலம். வலது முழங்கால் மட்டும் என்னோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது. அங்கே நீ குளிர், சளி, உன் சொந்தச் சமையல் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தை எடுத்தார் என்று நீ சிரிப்பாய், சிரி. போன ஞாயிறு நீ கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதிலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ மாசக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்றாய், அதற்குள் இது உன் கையில் கிடைத்துவிட வேண்டும் என்று தபால் ஆபீஸ் அம்மாளிடம் கெஞ்சி, உள்ளதிலேயே வேகமான தபால் எதுவென்று இன்று காலையே விசாரித்துவிட்டேன். அந்த அம்மாள், குதிரை மேல அனுப்பறதா உத்தேசமா சார் என்று கேட்டாள். ஊரில் நமக்கு இருக்கிற மரியாதை இதுதான்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மாமா தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டார், பாதி நெற்றியும் சேர்ந்து கறுத்துவிட்டது, ஒரு வாரமாகத் தொப்பியோடு சாப்பிடுகிறார், நாங்கள் யாரும் பார்க்கவில்லை என்று நினைப்பு. கீழ்வீட்டுத் தையல்காரர் மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டு, இந்த வாரம் எந்தக் குதிரை ஜெயிக்கும், சும்மா தெரிஞ்சுக்கத்தான் என்று கேட்கிறார், சொன்னேன், தோற்றது, அன்றிலிருந்து என் சட்டைக்குப் பொத்தான் தைக்க அவருக்கு நேரமில்லை. உன் அறைக்குள் அம்மா தையல் மிஷினைக் கொண்டுபோய் வைத்தாள், அவ வந்தா எங்க உட்காருவா என்று மறுநாளே வெளியே இழுத்தாள், இந்த வருஷத்தில் இது மூன்றாவது தடவை. மிஷினைத் தூக்குவது நான், அதனால்தான் வலது முழங்காலின் கோபம். தூக்கி முடித்த களைப்பில் உன் நாற்காலியில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருவேன், அது வேறு விஷயம்.

ரேஸ் மைதானத்தில் வேலை வழக்கம்போல. விடிந்ததும் வேலியோரம் நின்று, கழுத்தில் பைனாகுலரும் கையில் ஸ்டாப்வாட்சுமாகக் காலை ஓட்டங்களுக்கு நேரம் குறிக்கிறேன், பந்தயத்தன்று வருகிற புத்தகத்தில் அது அச்சாகிறது. சின்ன வயதில் உன் டீச்சர் கேட்டதற்கு, எங்கப்பா குதிரைக்கு மார்க் போடறார் என்று சொல்லிவிட்டு வந்தாயே, அதைவிடச் சரியாக யாரும் இன்றுவரை சொன்னதில்லை. அந்த மார்க்குக்கு அடிப்படை என் பச்சை அட்டை நோட்டு, உனக்கு ஞாபகமிருக்கும், அதில் நீ யானை வரைந்த பக்கம்கூட இருக்கிறது. ஆறு பர்லாங் தூரத்தை, கடைசித் தரமான ஐந்தாம் கிளாஸில் ஜெயிக்கிற குதிரை வழக்கமாக எவ்வளவு நேரத்தில் ஓடும், நாலாம் கிளாஸில் எவ்வளவு, இப்படி ஒன்றாம் கிளாஸ் வரை பல வருஷத்து ஓட்டங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்த பட்டியல், அதுதான் பார் டைம். ஒரு கிளாஸுக்கும் அடுத்ததற்கும் நடுவே முக்கால் வினாடிதான், ஆனால் அந்த முக்கால் வினாடியைத் தாண்ட முடியாமல் ஆயுசு பூரா ஓடுகிற குதிரைகள் உண்டு, உன் அப்பா மாதிரி.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், கோபப்படாதே. உன் ஞாயிற்றுக்கிழமை போன்களுக்கும் அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் பார் டைம் போட்டுவைத்திருக்கிறேன். நீ போன முதல் வருஷத்திலிருந்தே, போன் மணி அடித்ததும் சட்டைப் பையில் வாட்சை அமுக்கிவிடுவேன். முதல் வருஷச் சராசரி நாற்பத்தொரு நிமிடம். இரண்டாம் வருஷம் முப்பத்து மூன்று. மூன்றாம் வருஷம் பத்தொன்பது. இந்த வருஷம் பதினொன்று. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பெண் நம்மை மறந்துகொண்டு வருகிறாள், இப்படியே போனால் அடுத்த வருஷம் ஹலோ சொல்லிவிட்டு வைத்துவிடுவாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

தாங்க முடியாமல் போன மாதம் தராசிடம் காட்டினேன். தராசு யாரென்று உனக்குத் தெரியும், ஜாக்கிகளை எடை பார்க்கிற அறையில் உட்கார்ந்திருக்கிறவர், சின்ன வயதில் உன்னையும் சேணத்தோடு ஏற்றி எடை போட்டாரே, அவர்தான். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுப்பக்கத்தையும் படித்துவிட்டு, ஏன்யா, ஊருக்கெல்லாம் கிளாஸைப் பிரிச்சுப் பாரு, பிரிச்சுப் பாருன்னு கத்தற, சொந்தப் பொண்ணை மட்டும் நாலு வருஷத்தையும் ஒரே வரிசையில போட்டு வெச்சிருக்கியே, நீயெல்லாம் ஒரு ஆளா என்று கேட்டார். போன வருஷம் மூன்றாம் கிளாஸுக்கு ஏறி முதல் ஓட்டத்திலேயே ஐந்தாவதாக வந்த பழுப்புப் பெண்குதிரையை ஞாபகப்படுத்தினார். அவ்வளவுதான், இது தீர்ந்துபோச்சு என்று கூட்டமே சொன்னபோது, நாலாம் கிளாஸில் ஜெயித்ததைவிட அன்று அவள் அரை வினாடி வேகமாக ஓடியிருக்கிறாள், கூட ஓடினவர்கள்தான் வேறு ஆட்கள் என்று எழுதியவன் நான்தானாம். உன் பொண்ணு சின்ன ஆபீஸ்ல பாலத்துக்குக் கோடு போட்டுக்கிட்டிருந்தது ஒரு கிளாஸ், இப்ப பெரிய ஆபீஸ், கீழ ஏழு பேரு, அது ரெண்டு கிளாஸ் மேல, ஜெயிச்ச குதிரைக்கு அடுத்த ஓட்டத்துல முதுகுல எடை ஏத்தற மாதிரி ஏத்தி விட்டிருக்காங்கய்யா, அதோட அது பதினோரு நிமிஷம் பேசறதே பாருக்கு மேல என்றார்.

எனக்கு உயிர் வந்தது. பட்டியலைக் கிளாஸ் வாரியாகப் புதிதாகப் போட்டு, அழகாகக் கோடெல்லாம் கிழித்து, வெற்றி வீரனாக வீட்டுக்கு வந்து அம்மா முன்னால் விரித்தேன். அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள், உரிப்பதை நிறுத்தக்கூட இல்லை. எல்லாம் சரி, போனை யாரு வெச்சாங்கன்னு ஒரு கட்டம் போட்டீங்களா என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு வாரமும் நீங்கதான் வெக்கறீங்க, அவ அப்புறம்ப்பான்னு இழுப்பா, நீங்க உடனே சரிம்மா உனக்கு வேலை இருக்கும்னு சொல்லி வெச்சிடுவீங்க, அந்த அப்புறத்துக்கு அப்புறம் என்னன்னு நாலு வருஷமா எனக்கும் தெரியல என்றாள். பட்டாணித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இது நடந்தது மூன்று வாரத்துக்கு முன்னால். புத்தி வந்திருக்க வேண்டும் இல்லையா? போன ஞாயிறு நீ, ஆபீஸ்ல இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்து கேக்கறாங்கப்பா, போடவா, இல்ல வந்துடவா என்று கேட்டாய். நான் ஏதோ பெரிய மனுஷன் மாதிரி, போடு போடு, இதுல என்ன கேள்வி, சரி வெச்சிடட்டுமா என்றேன். நீ சரிப்பா என்று சொல்வதற்கு முன்னால் ஒரு சின்ன நிசப்தம். அது இரண்டேகால் வினாடி, வாட்சைப் பார்க்காமலே சொல்வேன். மைதானத்தில் அது பன்னிரண்டு குதிரை நீளம். மொத்தப் பேச்சும் நாலு நிமிடம் இருபது வினாடி, நம் பட்டியலிலேயே மிகக் குறைவு, எந்தக் கிளாஸில் போட்டாலும்.

காலை ஓட்டத்தில் ஒரு தந்திரம் உண்டு, வாலு. குதிரையின் முழு வேகம் வெளியே தெரியக் கூடாதென்று சவாரி செய்கிறவன் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தே ஓட்டுவான். வாட்ச் மெதுவான நேரத்தைத்தான் காட்டும், ஆனால் பைனாகுலரில் அவன் கையைப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு 'பி' போடுவேன், பிடித்து ஓட்டியது, இதை நம்பாதே என்று அர்த்தம். இருபத்தேழு வருஷமாக எத்தனையோ பேர் கையைக் கண்டுபிடித்தேன், என் கையை உன் அம்மாதான் பார்த்தாள். போனில் சொல்லப் போனால் மறுபடியும் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன் என்று பயந்துதான் காகிதத்தை எடுத்தேன்.

ஆகவே நான் சொன்ன அந்தப் 'போடு'வுக்குப் பக்கத்தில் ஒரு 'பி' போட்டுக்கொள். உண்மை நேரம் இது: எனக்கு நீ வர வேண்டும் என்றிருக்கிறது. நாலு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் இருந்திருக்கிறது. கையெழுத்துப் போடுவதும் போடாமல் வருவதும் உன் விருப்பம், நீ கட்ட வேண்டிய பாலம் அங்கேதான் இருக்கிறதென்றால் போடு, அப்போது நான் சொல்கிற 'போடு' நல்ல போடாகவே இருக்கும், முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ள மாட்டேன், வைத்துக்கொண்டாலும் போனில் தெரியாது. ஆனால் அப்பா வேண்டாம் என்று நினைக்கிறார் போல என்று எண்ணிக்கொண்டு மட்டும் போடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள், நின்றுகொண்டே சாப்பிடாதே, கம்பளியை அலமாரியில் அழகுக்கு வைக்காமல் போட்டுக்கொள். குறையில்லாமல் நெடுநாள் நன்றாக இரு. அம்மா தன் முத்தங்களைத் தனியாக எழுதச் சொன்னாள், இடமில்லை, எல்லாவற்றையும் சேர்த்து வாங்கிக்கொள். மறக்காதே, வருகிற ஞாயிறு நீ அப்புறம்ப்பா என்று சொன்னதும் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். வாட்சை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். போனை நீதான் முதலில் வைக்க வேண்டும்.

தையல் மிஷினை நாலாம் முறை தூக்கத் தயாராக இருக்கும்,
உன் அப்பா