தோளுக்கும் பெட்டிக்கும் நடுவில்

ராயபுரம்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஃப்ரெடி அண்ணனுக்கு,

ஆன்சி எழுதுகிறேன். கப்பலில் நீ சுகமாய் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் அப்பா காதில் விழும். நம் வீட்டில் எந்த மூலைக்குப் போய்ப் பேசுவது? அதனால்தான் மெயில்.

எண்ணூர் ரோட்டில் அப்பாவை டிரெய்லர் லாரி இடித்த நஷ்டஈடு வழக்கில் போன வாரம் அவரைக் கூண்டில் ஏற்றினார்கள். தோளில் பாரம் தாங்குமா என்று இன்சூரன்ஸ் வக்கீல் கேட்டார். குனிஞ்சி செருப்பு மாட்டவே இவதான் வேணும் சார் என்று அப்பா என்னைக் காட்டினார். உடனே லேப்டாப்பைத் திருப்பி ஒரு வீடியோ போட்டார்கள்.

அம்மாவின் அடக்கம். பெட்டியின் முன்பக்கம் அப்பா. மூத்த மகன் நிற்க வேண்டிய இடம். நீ வராததால், யார் தடுத்தும் கேட்காமல் அவர் போய் நின்றார்.

பெட்டி தூக்குகிற தோளுக்கு வேலை மட்டும் கசக்கிறதா என்றார் வக்கீல். இரண்டு பேர் சிரித்தார்கள். பொஞ்சாதிய தூக்குறது பாரமா சார், ஆமா, நான்தான் தூக்கினேன் என்றார் அப்பா. தலை குனியவில்லை.

வீடியோ எடுத்த இன்சூரன்ஸ் ஆள் கோர்ட் வராந்தாவில் நின்றான். அன்று செருப்பைக் கழற்றிவிட்டு அம்மாவைக் கும்பிட்டவன். நான்தான் அவனுக்கு டீ கொடுத்தேன்.

நம் வக்கீல் ரூத் அக்கா மனு போட்டு முழு வீடியோவையும் வாங்கிவிட்டார். நேற்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். அப்பாவின் தோளுக்கும் பெட்டிக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. அவர் பின்னால் நம் தெரு பென்னி அண்ணன், முகம் கோணி, இரண்டு கையாலும் பெட்டியை உயர்த்திப் பிடித்து நடக்கிறார். கேட்டதற்கு, அம்புரோஸ் மாமா இடுப்பு தாங்காதுன்னு ஒசத்திப் புட்சிகினு வந்தேன், அவராண்ட சொல்லிடாத கண்ணு என்றார், அப்பாவைத்தான்.

இதைக் காட்டினால் வழக்கு நம் பக்கம் நிற்கும். காட்டாவிட்டால் அப்பா பொய்யர். நஷ்டஈடு இல்லை, முதுகு ஆபரேஷனும் இல்லை. ஆனால் வீடியோவை அவர் கண்ணெதிரில்தான் போட வேண்டும். நான் ரூத் அக்காவிடம் சரி என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டால், உன் இஷ்டம் ஆன்சி என்பாய். பிறகு உன் கப்பல் கிளம்பிவிடும்.

வெள்ளிக்கிழமை விசாரணை. அன்று சாயங்காலம் எப்படியாவது அப்பாவுக்குப் போன் செய். வழக்கைப் பற்றிக் கேட்காதே. அவராக, உங்கம்மாவ நான்தான் தூக்கினேன் என்று சொன்னால், ஆமாம்பா என்று மட்டும் சொல்.

மாதா உன்னைப் பத்திரமாய்க் கரை சேர்க்கட்டும்.

உன் தங்கை,
ஆன்சி