புரட்டிப் பார்க்காத சங்கு

சென்னை
12-2-1974

அன்புள்ள அத்தானுக்கு, அற்புதமணி ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? மாமிக்கு மூட்டுவலி குறைந்ததா? எனக்கு நர்ஸ் வேலையில் ஒரு குறையும் இல்லை.

போன வாரம் ஒரு வேடிக்கை. எங்கள் டாக்டரம்மாவிடம் நானே நோயாளியாகப் போய் நின்றேன். எல்லாச் சோதனையும் முடித்துவிட்டு, "உனக்கு ஒண்ணும் இல்ல, வீட்டுக்காரரை வரச் சொல்லு" என்றார்கள். அவருக்கு லீவு கிடைக்காது என்று சிரித்துவிட்டு, குளியலறைக்குப் போய் அழுதேன்.

தூத்துக்குடியில் நீங்கள் சங்கு தரம் பிரிக்கும் கிட்டங்கிக்கு ஒரு நாள் சோறு கொண்டுவந்தேனே, நினைவிருக்கிறதா? குளியாட்கள் கடலில் மூழ்கி எடுத்துவந்து கொட்டிய சங்கை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தீர்கள். "ஏளா, புரட்டிப் பாக்காம ஒண்ணைச் சொத்தைன்னு தள்ளுனா பாவமில்லையா" என்றீர்கள். எட்டு வருஷமாக மாமி என்னைச் சொத்தை என்கிறார்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒரு சின்னச் சோதனைதான், அத்தான். குறை உங்களிடம் என்று வந்தாலும் ஊருக்கு நானே மலடியாக இருந்துகொள்கிறேன். நமக்குள் தெரிந்தால் போதும்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் சீலாக் கருவாடு கொடுத்துவிடுங்கள். சோறு இறங்கவில்லை.

வார்டு மணி அடிக்கிறது. டாக்டரம்மா உங்களுக்கு எழுதிய சீட்டை இதற்குள் வைத்திருக்கிறேன். கிழித்துப் போடாதீர்கள். வேண்டாமென்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். நீங்கள் கடிதம் போட்டு ஏழு மாதமாகிறது. உறையின் மேல் என் பேராவது உங்கள் கையெழுத்தில் வரும்.

அற்புதமணி